விண்வெளிப் பனிக்கோளங்கள் சேகரிப்பது எப்படி: தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1962 பிப்ரவரி 20. ஃபிரெண்ட்ஷிப் 7 என்ற சிறு கலத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தார் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென். சூரியன் உதித்த நேரத்தில் சன்னலுக்கு வெளியே ஆயிரக்கணக்கான ஒளிப்பொட்டுகள் மிதப்பதைக் கண்டு, மின்மினிகளைப் போல இருக்கின்றன என்று தரைக்குச் சொன்னார். அவை என்ன என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. மூன்று மாதம் கழித்து, மே 24 அன்று, அரோரா 7 கலத்தில் சென்ற ஸ்காட் கார்ப்பென்டர் உள்ளிருந்தபடியே சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்டத் துகள்கள் உதிர்ந்து பறந்தன. கலத்தின் வெளிப்புறத்தில் படிந்து உறைந்திருந்த ஈரம்தான் அந்த மின்மினிகள்.

உள்ளே நீரும் சிறு உருவமும், குலுக்கினால் பனிபோல விழும் துகளும் உள்ள உருண்டைதான் பனிக்கோளம். அதைக் கையில் எடுத்துக் குலுக்கும்போதெல்லாம் கார்ப்பென்டரின் அந்தத் தட்டல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கோளத்துக்குள் பனி, வெளியே மனிதன். அங்கே கலத்துக்குள் மனிதன், வெளியே பனி. கடைகளில் ஸ்நோ குளோப் என்று விற்கும் இந்தப் பொருளை விண்வெளி சார்ந்து சேகரிக்க விரும்புகிறவர்களுக்காக, பல ஆண்டுகளாக வாங்கியும் உடைத்தும் பழுதுபார்த்தும் நான் கற்றவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

ராக்கெட் படம் போட்ட எல்லாவற்றையும் வாங்கினால் ஓராண்டில் அலமாரி நிறையும், ஆனால் தொகுப்பு என்று சொல்ல எதுவும் இருக்காது. ஒரு நூல் வேண்டும். ஒருவர் நிலவுக்குச் சென்ற அப்போலோ பயணங்களை மட்டும் சேர்க்கலாம். இன்னொருவர் விண்வெளி ஓடங்களை (ஸ்பேஸ் ஷட்டில்) மட்டும், வேறொருவர் அருங்காட்சியகக் கடைகளில் விற்பவற்றை மட்டும். நான் வைத்துக்கொண்ட விதி வேறு: கோளத்துக்குள் இருக்கும் பனிக்கு அந்தக் காட்சியில் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

இந்த விதி கடுமையானது போலத் தோன்றும். நிலவில் காற்றே இல்லை, பிறகு பனி எப்படிப் பெய்யும்? ஆனால் தேடத் தேட, விண்வெளிப் பயணத்தின் வரலாறு முழுவதும் பனி கிடக்கிறது. மின்மினிகள் சூழ்ந்த ஃபிரெண்ட்ஷிப் 7 ஒன்று. 1965 மார்ச் மாதம், முதல் விண்நடையை முடித்துத் திரும்பிய சோவியத் வீரர்கள் அலெக்சி லியோனவும் பாவெல் பெல்யாயெவும் வோஸ்கோத் 2 கலத்தோடு இலக்குத் தவறி, ரஷ்யாவின் பெர்ம் பகுதியின் ஆழ்ந்த பனிக்காட்டில் இறங்கி இரண்டு இரவுகள் அங்கேயே கழித்தார்கள். அதைவிடப் பொருத்தமான பனிக்கோளக் காட்சி எது? குளிர்காலத்தில் கஜகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்துக்குப் பனிவெளி நடுவே ரயிலில் படுத்தபடி போகும் சோயுஸ் ராக்கெட்டும் இந்த வரிசையில் சேரும்.

புளோரிடாவின் வெயிலில்கூடப் பனி உண்டு. அப்போலோ வீரர்களை அங்கிருந்து நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் தொட்டிகளில் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனும், மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனும் நிரப்பப்பட்டிருந்தன. ஈரக்காற்று அந்தத் தொட்டிச் சுவர்களில் பட்டு உறைந்தது. எஞ்சின்கள் முழங்கிய கணத்தில், ஏறக்குறைய 111 மீட்டர் உயர ராக்கெட்டின் உடலிலிருந்து பனித்தகடுகள் சரிந்து விழுந்ததைப் பழைய படச்சுருள்களில் தெளிவாகப் பார்க்கலாம். ஆகவே, ஏவப்படும் சாட்டர்ன் 5ஐச் சுற்றி வெள்ளைத் துகள் பறக்கும் கோளம் பொய் சொல்லவில்லை. நிலவில் நிற்கும் வீரர்மேல் வெண்பனி கொட்டும் கோளம் சொல்வது பொய். அதே வீரர்மேல் வெள்ளி ஜிகினா மிதந்தால் விண்மீன்கள் என்று ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னும் தொலைவில்? 2008ல் செவ்வாயின் வட சமவெளியில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம், மேகங்களிலிருந்து பனி விழுவதையும் அது தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடுவதையும் லேசர் கருவியால் பதிவு செய்தது. சனியின் துணைக்கோளான என்செலடஸ், 500 கிலோமீட்டர் விட்டமே உள்ள சிறு உலகம். அதன் தென்துருவப் பிளவுகளிலிருந்து பனித்துகள்கள் பீறிடுவதை 2005ல் கசினி கலம் கண்டறிந்தது. அத்துகள்களில் பெரும்பகுதி மீண்டும் அதன் தரையிலேயே பொழிகிறது. என்செலடஸ் தன்னைத்தானே குலுக்கிக்கொள்ளும் ஒரு பனிக்கோளம்.

என் விதியையே நீங்களும் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் ஏதேனும் ஒரு விதியை எழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். வாங்கும் ஆசை வரும்போது அது கேள்வி கேட்கும்.

இரண்டாம் படி: பொருளை அறிந்துகொள்ளுங்கள்

1878ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட கண்ணாடிப் பொருள்கள் பற்றிய அறிக்கை ஒன்றில், நீர் நிரப்பிய கண்ணாடிப் பேப்பர் வெயிட்டுகளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது: உள்ளே குடை பிடித்த மனிதன், கவிழ்த்தால் பனிபோல விழும் வெள்ளைத் தூள். 1889 கண்காட்சியில் ஐஃபில் கோபுரம் கோளத்துக்குள் வந்துவிட்டது. ஆனாலும் இக்கலை தொழிலாக வேரூன்றியது வியன்னாவில். 1900ஆம் ஆண்டுவாக்கில், அறுவைசிகிச்சைக் கருவிகள் செய்துவந்த எர்வின் பெர்சி, மின்விளக்கின் ஒளியைக் கூட்ட ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தைக் குவித்து வேலை செய்யும் செருப்புத் தைப்பவர்களின் பழைய உத்தி அவருக்குத் தெரியும். அந்த நீரில் எதையாவது கலந்தால் ஒளி கூடுமா என்று ரவையைப் போட்டுப் பார்த்தார். விளக்கு பிரகாசிக்கவில்லை. ஊறிய ரவை மெல்ல மெல்ல இறங்கியது, பனியைப் போல. நம் சமையலறையில் உப்புமாவுக்கு வைத்திருக்கும் அதே ரவைதான். அவருடைய குடும்பம் இன்றும் வியன்னாவில் கோளங்கள் செய்கிறது. துகளின் கலவையை மட்டும் வெளியே சொல்வதில்லை.

சந்தையில் நீங்கள் காண்பவை பெரும்பாலும் இரண்டு வகை. கனமான பீடத்தின்மேல் உருண்டைக் கண்ணாடி வைத்தது ஒன்று. பீடத்தில் சில சமயம் இசைப்பெட்டியோ மின்விளக்கோ இருக்கும். 1950களுக்குப் பிறகு பரவிய பிளாஸ்டிக் வகை மற்றொன்று: முன்பக்கம் ஒளிபுகும் குவிமாடம், பின்பக்கம் நீலம் பூசியிருக்கும், நடுவே தட்டையான உருவம். விற்பவர்கள் இதை ஸ்நோ டோம் என்பார்கள். கண்ணாடிக் கோளம் அழகுக்கு. வரலாறு வேண்டுமானால் பிளாஸ்டிக்கைத் தேடுங்கள். அப்போலோ காலத்துச் சுற்றுலாப் பயணி பையில் போட்டுக்கொண்டு போனது அதைத்தான்.

மூன்றாம் படி: தேடுங்கள்

புதியவை வேண்டுமானால் புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையப் பார்வையாளர் வளாகம், ஹூஸ்டன் விண்வெளி மையம், வாஷிங்டனின் தேசிய வான்வெளி அருங்காட்சியகம், அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் ராக்கெட் மையம் ஆகியவற்றின் கடைகளைப் பாருங்கள். கடைகளின் சரக்கு பருவத்துக்குப் பருவம் மாறும். ஒருமுறை பார்த்து இல்லை என்று விட்டுவிட வேண்டாம்.

பழையவற்றுக்கு ஈபே, எட்ஸி போன்ற தளங்கள்தாம் வழி. ஒரே சொல்லில் தேடினால் பாதிதான் கிடைக்கும். ஸ்நோ குளோப், ஸ்நோ டோம், வாட்டர் குளோப் என மூன்றையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். ஜெர்மன் விற்பனையாளர்களிடம் ஷ்னேகூகல் என்ற சொல் வேண்டும். விற்பவருக்கு விண்வெளி தெரியாத இடத்தில்தான் நல்ல பொருள் கிடைக்கும்: ‘ராக்கெட்’, ‘புளோரிடா நினைவுப்பொருள்’ என்று மட்டும் தலைப்பிட்டு, உள்ளே இருப்பது எந்தக் கலம் என்றே குறிப்பிடாமல் விற்பார்கள். ஊரில் பழைய பொருள் விற்கும் கடைகளையும் விடாதீர்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் வீட்டுக் கண்ணாடி அலமாரிகள் காலியாகும்போது இவை வெளியே வருகின்றன.

நான்காம் படி: வயதைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். பனிக்கோளங்களில் தயாரித்த ஆண்டு அரிதாகவே அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் விண்வெளி சார்ந்தவற்றுக்கு வேறு எந்த நினைவுப்பொருளுக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. ராக்கெட்டும் பெயரும் சின்னமும் மாறிய நாள்கள் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன.

என் சித்தப்பா புளோரிடாவிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் குவிமாடம்தான் என் முதல் கோளம். உள்ளே விண்வெளி ஓடம், பக்கத்தில் பருத்த எரிபொருள் தொட்டி. அந்தத் தொட்டி வெள்ளை நிறத்தில் இருந்தது. படங்களில் நான் பார்த்த ஓடங்களின் தொட்டியெல்லாம் ஆரஞ்சு நிறம். எனவே மலிவான பொருள், தவறாக வண்ணம் பூசிவிட்டார்கள் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது. 1981 ஏப்ரலிலும் நவம்பரிலும் நடந்த முதல் இரண்டு பயணங்களில் மட்டும் தொட்டிக்கு வெள்ளை பூசியிருந்தார்கள். ஏறக்குறைய 270 கிலோ எடை மிச்சமாகும் என்பதால் 1982 மார்ச் மாதத்து மூன்றாம் பயணத்திலிருந்து வண்ணத்தை விட்டுவிட்டார்கள். ஆரஞ்சு என்பது வெப்பக்காப்பு நுரையின் சொந்த நிறம். சித்தப்பாவின் கோளம் தவறானது அல்ல. அதை வரைந்தவர் கண்முன்னால் இருந்தது ஓடங்களின் தொடக்கக் காலம்.

இடப்பெயரைப் பாருங்கள். கேப் கனாவரல் முனைக்கு 1963 நவம்பர் இறுதியில் கேப் கென்னடி என்று பெயர் மாற்றினார்கள். 1973ல் பழைய பெயர் திரும்பியது. ‘கேப் கென்னடி’ என்று அச்சிட்ட கோளம் அந்தப் பத்தாண்டைச் சேர்ந்ததாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. ‘கென்னடி விண்வெளி மையம்’ என்றிருந்தால் அது உதவாது, அந்தப் பெயர் இன்றுவரை தொடர்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு விலையை ஏற்றிச் சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள்.

நாசாவின் சின்னத்தைப் பாருங்கள். விண்மீன்கள் சிதறிய நீல வட்டத்தில் சிவப்புச் சிறகு குறுக்கே ஓடும் சின்னம் 1959ல் வந்தது. 1975ல், குறுக்குக்கோடு இல்லாத ‘ஏ’ எழுத்துகளோடு வளைந்து நெளியும் சிவப்பு எழுத்துச்சின்னம் அதன் இடத்தைப் பிடித்தது. 1992ல் நீல வட்டம் திரும்பி வந்தது. 2020 முதல் சிவப்பு எழுத்தும் மீண்டும் பயன்பாட்டில் உள்ளது. எனவே சிவப்பு எழுத்து மட்டும் இருந்தால் அது 1980களின் பொருளாகவும் இருக்கலாம், நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம். பிளாஸ்டிக்கின் மஞ்சளிப்பு, அச்சின் தேய்வு, அடிப்புறத்து எழுத்துகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அடிப்புறத்து எழுத்துகள் நிறையப் பேசும். ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1990க்கு முந்தையது. சோவியத் ஒன்றியத்தின் பெயர் இருந்தால் 1991க்கு முந்தையது. பிரிட்டிஷ் காலனி என்று சேர்த்து ஹாங்காங் பெயர் இருந்தால் 1997க்கு முந்தையது என்பது உறுதி. வெறும் ஹாங்காங் என்றிருந்தால் உறுதியில்லை. இணையதள முகவரி அச்சிட்டிருந்தால் 1990களின் நடுப்பகுதிக்குப் பின் வந்தது. கடைகளில் பட்டைக்குறியீடு முதன்முதலில் பயன்பட்டதே 1974ல்தான். அப்போலோ காலத்துப் பொருள் என்று சொல்லி விற்கும் கோளத்தின் அடியில் அது இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு காட்சியையே விசாரியுங்கள். அப்போலோ 11 என்று எழுதி, நிலவில் மூன்று வீரர்கள் நிற்கிறார்களா? மைக்கேல் காலின்ஸ் தரையிறங்கவே இல்லை; கொலம்பியா கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான்கு சக்கர ஊர்தி இருக்கிறதா? அது அப்போலோ 15, 16, 17 பயணங்களில் மட்டுமே சென்றது. வீரரின் கையிலும் தலைக்கவசத்திலும் சிவப்புப் பட்டை இருக்கிறதா? படங்களில் யார் யார் என்று அடையாளம் தெரிவதற்காகத் தலைவரின் உடையில் சேர்த்த அந்தப் பட்டை, நிலவின் தரையில் முதலில் நடந்தது அப்போலோ 14ல். ஊர்தியோ பட்டையோ உள்ள அப்போலோ 11 கோளம், நிகழ்வு நடந்த 1969 ஜூலையில் விற்றதாக இருக்க முடியாது. பிற்கால ஆண்டுவிழாக்களுக்காகச் செய்ததாக இருக்கலாம். அதற்காக அதை வெறுக்க வேண்டாம், 1969ன் விலையைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கோளத்தைக் குலுக்கி ஒரு சிறு காணொளி அனுப்பச் சொல்லுங்கள். நிழற்படம் எதையும் காட்டாது. துகள்கள் கட்டிக்கட்டியாக விழுகின்றனவா, மேலே ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கின்றனவா, நீர் பால்போலக் கலங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கலங்கிய நீரை மாற்றிவிடலாம். உருவத்தின் வண்ணம் உரிந்து அந்தத் துகள்களே மிதந்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

உச்சியில் காற்றுக்குமிழ் இருப்பது குற்றம் அல்ல. பிளாஸ்டிக்கின் வழியே நீர் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஆவியாகும். ஐம்பது வயதுக் குவிமாடத்தில் நீர்மட்டம் சிறிது இறங்கியிருப்பது இயல்பு. கண்ணாடிக் கோளத்தில் பெரிய குமிழ் இருந்தால் மட்டும் கசிவு எங்கே என்று கேளுங்கள். பீடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் துணியில் நீர்க்கறை தெரிகிறதா என்று படம் அனுப்பச் சொன்னால் பதில் கிடைத்துவிடும்.

ஆறாம் படி: பத்திரமாகக் கொண்டுவருதல்

விமானத்தில் கைப்பையில் எடுத்துச் செல்லும் திரவத்துக்குப் பல விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டர் வரம்பு இருக்கிறது; பனிக்கோளமும் பெரும்பாலும் திரவக் கணக்கில்தான் சேரும். கணக்கு இதோ: 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 48 மில்லிலிட்டர். 65 மில்லிமீட்டர் என்றால் 144. 80 என்றால் 268. 100 என்றால் 524. பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் 65 மில்லிமீட்டர் கோளமே வரம்பைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் போனதால், அருமையான ஒரு சோயுஸ் கோளத்தை ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தின் சோதனைத் தட்டில் விட்டுவிட்டு வந்தேன். அதிகாரி விதிப்படிதான் நடந்துகொண்டார். அன்று அந்தப் பனி தட்டில் மெல்ல அடங்குவதைப் பார்த்துக்கொண்டே நடந்தது இன்னும் மனத்தில் இருக்கிறது. 45க்கு மேற்பட்டதைச் சரக்குப் பெட்டியில் வையுங்கள்.

கூரியரில் வரவழைப்பதானால் ஈரத்தையும் அதிர்வையும் தனித்தனியாக யோசியுங்கள். கோளத்தை முதலில் பிளாஸ்டிக் பையில் கட்டி, பிறகு பபிள் ராப்பில் சுற்றி, தெர்மகோல் நிரப்பிய அட்டைப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வரவழைப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிகிறது. குளிர்ந்த கிடங்கில் ஓர் இரவு கிடந்தால் கண்ணாடி வெடித்துவிடும்.

ஏழாம் படி: வீட்டில் வைக்கும் இடம்

நீர் நிரம்பிய கண்ணாடி உருண்டை என்பது ஒரு வலுவான லென்ஸ். பெர்சியின் கதை தொடங்கியதே அதில்தானே. நீரின் ஒளிவிலகலைக் கொண்டு கணக்கிட்டால், இணையாக வரும் வெயில் கோளத்தின் பின்புறத்திலிருந்து ஏறக்குறைய அதன் ஆர அளவு தூரத்தில் குவியும். 100 மில்லிமீட்டர் கோளத்துக்குப் பின்னால் 5 சென்டிமீட்டரில் ஒரு திரைச்சீலை இருந்தால், காலை வெயில் அந்தத் துணியில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. பொருள்கள் தீப்பற்றும் அபாயம் கற்பனை அல்ல. 2008ல் அமெரிக்காவில் ஹால்மார்க் நிறுவனம் தன் பெரிய பனிக்கோளம் ஒன்றை இதே காரணத்துக்காகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நேர் வெயில் ஒருபோதும் படாத சுவரோரம்தான் கோளங்களுக்கு உரிய இடம். சன்னல் திண்டில் வைக்கவே வேண்டாம்.

சென்னை போன்ற ஊர்களில் கோடைதான் பெரிய சோதனை. வெப்பத்தில் திரவம் விரிந்து அடைப்பானைத் தள்ளும். சமையலறைச் சுவர், குளிர்சாதனப்பெட்டியின் மேற்புறம், மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையின் உயரமான பரண் ஆகியவை கூடாது. தரையிலிருந்து இடுப்பு உயரம், கண்ணாடிக் கதவு, எல்.இ.டி. விளக்கு: இவ்வளவு போதும். குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் உள்ள வீட்டில் இன்னொரு எச்சரிக்கை. சில கோளங்களின் திரவத்தில் உறைதடுப்பு வேதிப்பொருள் கலந்திருக்கும், அதில் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. கசிந்த திரவத்தை உடனே துடைத்துக் கை கழுவுங்கள், பூனை நக்க விடாதீர்கள்.

எட்டாம் படி: பழுதுபார்த்தல்

அரிதான பழைய கோளம் என்றால் திறக்காதீர்கள். குறைந்த நீரும் மஞ்சளித்த பனியும் அதன் வயதின் சான்று. சாதாரணக் கோளம் என்றால் துணிந்து செய்யலாம்.

பிளாஸ்டிக் குவிமாடத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு சிறு அடைப்பான் இருக்கும். அதை மெல்ல நெம்பி எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சால் நீரைச் சேர்க்கலாம். கண்ணாடிக் கோளமானால் பீடத்திலிருந்து உருண்டையைப் பிரித்தால் அகன்ற ரப்பர் அடைப்பான் தெரியும்; பழைய பசையை வெந்நீர்த் துணியால் இளக்கி, அவசரப்படாமல் திருகுங்கள்.

குழாய் நீரை ஊற்றினால் சில வாரங்களில் கலங்கும், வெளிச்சத்தில் பாசி பிடிக்கும். மெக்கானிக் கடைகளில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. அமிலம் கலந்ததை வாங்கிவிடாமல் புட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். அதையும் ஒருமுறை கொதிக்கவைத்து ஆறவிட்டால் கரைந்திருக்கும் காற்று வெளியேறும், பிறகு குமிழ்கள் தோன்றாது. பனி மெல்ல இறங்க வேண்டுமானால் மருந்துக் கடைக் கிளிசரினைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்துத் தொடங்குங்கள்; போதவில்லை என்றால் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மிஞ்சினால் துகள் இறங்காமல் தொங்கிக்கொண்டே இருக்கும். பாத்திரம் துலக்கும் திரவம் ஒரே ஒரு துளி சேர்த்தால் துகள்கள் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளாது. மீன்தொட்டி ஒட்டும் சிலிக்கானால் அடைத்து, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விட்டுவிடுங்கள். நம் வெயிலுக்காக உள்ளே பட்டாணி அளவுக் குமிழ் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன். திரவம் விரிய அது இடம் கொடுக்கும்.

ஒவ்வொரு கோளத்துக்கும் ஒரு பக்கம் என்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்: எங்கே, எப்போது, என்ன விலை, அடியில் என்ன எழுத்து, எதைப் பழுதுபார்த்தீர்கள்.

ஒன்பதாம் படி: கடையில் இல்லாததை நீங்களே செய்யுங்கள்

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்குச் சந்திரயான்-3ன் விக்ரம் கலம் நிலவில் இறங்கியபோது, விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தப் பயணத்துக்கு என் அலமாரியில் ஓர் இடம் ஒதுக்கினேன். எந்தக் கடையிலும் நான் அப்படி ஒரு கோளத்தைக் காணவில்லை, ஆகவே செய்தேன். இங்கே என் விதி குறுக்கே வந்தது: நிலவில் பனி ஏது? விடை இஸ்ரோவின் அறிக்கையில் இருந்தது. தரையிறங்கியபோது விக்ரமின் எஞ்சின்கள் ஏறக்குறைய 2.06 டன் நிலவுமண்ணை 108.4 சதுர மீட்டர் பரப்பில் வாரி இறைத்திருக்கின்றன. கோளத்துக்குள் பறக்க வேண்டியது அந்தத் தூசிதான்.

செய்முறை இது. வாய் அகன்ற, 250 மில்லிலிட்டர் அளவுள்ள கண்ணாடிப் புட்டி; மூடி உட்புறம் பிளாஸ்டிக் பூசியதாக இருக்கட்டும், வெறும் இரும்பு துருப்பிடிக்கும். மூடியின் உட்புறத்தில் எம்-சீலைப் பிசைந்து பரப்பி, இறுகும் முன் விரலால் பள்ளங்கள் இட்டு நிலத்தை உருவாக்குங்கள். விக்ரமை எம்-சீலில் வடிக்கலாம், முப்பரிமாண அச்சிலும் எடுக்கலாம். நான்கு கால்களும் சற்றே விரிந்து நிற்க வேண்டும். பக்கத்தில் ஆறு சக்கரங்களோடு பிரக்யான் ஊர்தி. எனாமல் வண்ணம் பூசி, மேலே இரண்டு முறை தெளிவான வார்னிஷ் அடித்து, மூன்று நாள் காயவிடுங்கள். நீர்வண்ணம் உரிந்துவிடும். உருவத்தை அரால்டைட்டால் நிலத்தில் பொருத்துங்கள்.

தூசிக்கு மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கறுப்பு மணலை மிக நைசாகச் சலித்து, நீர் தெளியும்வரை பத்துப் பன்னிரண்டு முறை அலசுங்கள். அரைத் தேக்கரண்டி போதும். இந்த ஒரு கோளத்துக்கு மட்டும் கிளிசரின் சேர்க்காதீர்கள். காற்றில்லாத நிலவில் கிளம்பிய தூசி சுழன்று தயங்காமல் நேராகத் தரைக்குத் திரும்பிவிடும். வெறும் நீரில் மணல் சட்டென்று இறங்குவது அதற்குச் சற்றேனும் நெருக்கமாக இருக்கிறது.

நீரை நிரப்பி, மூடியின் திருகுவரிகளில் சிலிக்கான் தடவி இறுக்கி, காகிதத்தின்மேல் ஓர் இரவு தலைகீழாக நிறுத்துங்கள். காலையில் காகிதம் உலர்ந்திருந்தால் மூடியின் வெளிப்புறத்தில் அழியாத மையால் எழுதுங்கள்: விக்ரம், 69.37 தெற்கு, 32.32 கிழக்கு. அதன் கீழே நீங்கள் செய்த ஆண்டையும் எழுதிவிடுங்கள், ஐம்பது ஆண்டு கழித்து இதை வாங்குகிறவர் தொட்டியின் நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டியிராது.